ஆண்டின் சிறந்த ஜெனரல் மேனேஜரைத் தேர்ந்தெடுப்போருக்கு

ஒன்ராறியோ ஹொக்கி லீக்கின் ஆணையாளர் பிரையன் குரோஃபர்ட் அவர்களுக்கும், 20 அணிகளின் உரிமையாளர்களுக்கும், ஜிம் கிரெகரி விருதுக்குப் பெயர் முன்மொழியும், வாக்களிக்கும் ஒவ்வொருவருக்கும்,

வணக்கம்.

ஒவ்வொரு பருவம் முடியும்போதும் உங்கள் லீக் ஒரு ஜெனரல் மேனேஜரை ஆண்டின் சிறந்தவர் என்று அறிவிக்கிறது. அந்த விருதைப் பற்றி ஒரே ஒரு வேண்டுகோள் வைக்கத்தான் இந்த மடல். அந்த மனிதர் கட்டிய அணி எத்தனை ஆட்டம் வென்றது என்று பார்க்கும் அதே கண்ணால், அவர் கையில் ஒப்படைக்கப்பட்ட பிள்ளைகளுக்கு அந்த ஆண்டில் என்ன நடந்தது என்றும் பாருங்கள். பார்த்துவிட்டு வாக்களியுங்கள்.

நாங்கள் உங்கள் அணிகளில் ஒன்று இருக்கும் ஊரில் வாழும் தமிழ்க் குடும்பம். சில வருடங்களாக உங்கள் வீரர்களுக்கு எங்கள் வீட்டில் ஓர் அறை கொடுத்து வருகிறோம். பில்லெட் குடும்பம் என்று நீங்கள் சொல்வீர்களே, அதுதான். இந்த மடலை நான் தமிழில் எழுதுவதற்குக் காரணம் உண்டு. ரொறன்ரோ, மார்க்கம், ஸ்காபரோ, பிரம்ரன், ஏஜாக்ஸ் என்று எங்கள் சனத்தின் பிள்ளைகளும் விடியப்புறம் ஐந்து மணிக்கு ஐஸ் ரிங்கில் நிற்கிறார்கள். அவர்களில் சிலரை நாளை உங்கள் டிராஃப்டில் யாராவது தேர்ந்தெடுப்பார்கள். அந்தப் பெற்றோரும் இதைப் படிக்க வேண்டும்.

முதலில் அவர்களுக்காகச் சில வரிகள். ஒன்ராறியோ ஹொக்கி லீக்கில் ஐஸ் ஹொக்கி ஆடுகிறவர்கள் 16 முதல் 20 வயது வரையிலான பையன்கள். மூன்று அணிகள் அமெரிக்காவில் இருக்கின்றன: ஈரி, சாகினா, ஃபிளின்ற். மற்ற 17 அணிகள் ஒன்ராறியோவில். 15 வயதில் டிராஃப்ட், அதாவது அணிகள் முறைவைத்துப் பையன்களைத் தேர்ந்தெடுக்கும் நாள். இந்த லீக்கில் ஆடுவதானால், எந்த அணி உங்கள் பையனின் பெயரைச் சொல்கிறதோ அங்கேதான் அவன் போக வேண்டும். மார்க்கத்தில் வளர்ந்தவன் சூ செயின்ற் மேரிக்குப் போகலாம், ஒட்டாவாவில் வளர்ந்தவன் வின்சருக்குப் போகலாம். ஒரு பருவத்துக்கு 68 ஆட்டங்கள், அதன் மேல் பிளேஓஃப். அதற்குள் பள்ளிக்கூடம், பஸ் பயணம், பயிற்சி. இந்தப் பையன்களை எல்லாம் தேர்ந்தெடுப்பது, வைத்திருப்பது, வேறு அணிக்கு அனுப்புவது, பயிற்சியாளரை நியமிப்பது, படிப்பைக் கவனிக்க ஆள் வைப்பது எல்லாம் ஒருவர் பொறுப்பு. அவர்தான் ஜெனரல் மேனேஜர், சுருக்கமாக ஜீ.எம்.

பிள்ளையின் வாழ்க்கையில் தாய் தகப்பனுக்கு அடுத்தபடி அந்த நான்கைந்து வருடங்களில் அதிகம் தீர்மானிக்கிறவர் அவர். பயிற்சியாளர் அவனை அடுத்த ஆட்டத்தில் ஆட விடுவதா இல்லையா என்று தீர்மானிக்கிறார். அவன் எந்த ஊரில் தூங்குவான், எந்தப் பள்ளியில் பரீட்சை எழுதுவான், யார் வீட்டில் சாப்பிடுவான் என்பது ஜீ.எம்.மின் கையில்.

சரி, விருதுக்கு வருவோம். அதற்கு நீங்கள் வைத்திருக்கும் பெயர் எவ்வளவு பொருத்தமானது என்று எனக்குத் தெரியும். நான் கேட்பதற்கு ஆதாரமே அந்தப் பெயர்தான் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

ஜிம் கிரெகரி 1935இல் போர்ட் கோல்போர்னில் பிறந்தவர். ரொறன்ரோ மார்ல்பரோஸ் என்ற ஜூனியர் அணியில் இருந்து 1964இலும் 1967இலும் கனடிய ஜூனியர் ஹொக்கியின் உச்சமான மெமோரியல் கோப்பையை வென்றவர். 1969இல், பெரியவர்களின் தொழில்முறை லீக்கான என்.எச்.எல்.லில் ஆடும் ரொறன்ரோ மேப்பிள் லீஃப்ஸ் அணியின் ஜீ.எம். ஆனார், பத்து வருடம் அந்தப் பொறுப்பில் இருந்தார். 1973இல் சுவீடனிலிருந்து போர்ய சால்மிங்கைக் கொண்டுவந்தது அவர்தான். ஐரோப்பியப் பையன்கள் மென்மையானவர்கள், இங்கத்தைய அடிதடிக்குத் தாங்க மாட்டார்கள் என்று எல்லாரும் எள்ளி நகையாடிய காலம் அது. சால்மிங் தாங்கினார். தாங்கியது மட்டுமா, 1996இல் ஹொக்கிப் புகழரங்கத்துக்குள் போனார். பின்னால் வந்த அத்தனை ஐரோப்பிய வீரர்களுக்கும் அவர் ஒரு வாசலைத் திறந்துவிட்டார். ஒரு மனிதனை அவன் பிறந்த இடத்தை வைத்து எடை போடாமல் பார்த்த ஜீ.எம். ஒருவர் இருந்ததால் நடந்தது அது. பின்னாளில் இந்த நாட்டுக்கு வந்து சேர்ந்த எங்களைப் போன்ற குடும்பங்களுக்கு அந்தக் கதை சும்மா விளையாட்டு வரலாறு இல்லை.

அதே கிரெகரிதான் 1977இல் ரோஜர் நீல்சனை லீஃப்ஸின் பயிற்சியாளராக அழைத்தார். நீல்சன் பீற்றர்பரோ பீற்ஸ் அணியில் பத்து வருடம் பையன்களை வளர்த்தவர், பள்ளிக்கூட ஆசிரியராகவும் இருந்தவர். இன்று உங்கள் லீக்கில், பல்கலைக்கழகம் அல்லது கல்லூரியில் படித்துக்கொண்டே ஆடும் வீரர்களில் படிப்பில் முதலாக நிற்பவனுக்குக் கொடுக்கும் விருது ரோஜர் நீல்சன் பெயரில் இருக்கிறது. அவரை நம்பி மேலே அழைத்தவரின் பெயரில் ஜீ.எம். விருது. இரண்டு பெயர்களும் ஒரே மேடையில் அறிவிக்கப்படுகின்றன. ஆனால் முதல் விருதை வென்ற மாணவனுக்குப் பின்னால் எந்த ஜீ.எம். இருந்தார் என்று இரண்டாவது விருதைத் தீர்மானிக்கும்போது யாராவது கேட்கிறார்களா?

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1979இல் கிரெகரி வேலையிழந்தார். அதை அவருக்கு அவருடைய சொந்த அணி சொல்லவில்லை. என்.எச்.எல். அலுவலகத்திலிருந்து ஒருவர் அழைத்து, மத்திய ஸ்கௌட்டிங் பிரிவில் வேலை தருகிறோம் என்று சொன்னபோதுதான் தன் இடத்தில் வேறொருவர் வந்துவிட்டார் என்பதே அவருக்குத் தெரிந்தது என்று சொல்லப்படுகிறது. பத்து வருடம் உழைத்த ஒரு பெரிய மனிதருக்கே அது எப்படி இருந்திருக்கும்! அதற்குப் பிறகு அவர் கசந்துபோய் ஒதுங்கவில்லை. அந்த வேலையை ஏற்றுக்கொண்டு, நாடு நாடாக இளம் வீரர்களைப் பார்த்து மதிப்பிடும் முறையை வளர்த்தெடுத்தார். 2007இல் புகழரங்கம் அவரை ஏற்றது. 2019 அக்டோபரில் அவர் காலமானபின் என்.எச்.எல்.லும் தன் ஜீ.எம். விருதுக்கு அவர் பெயரையே வைத்தது.

என்.எச்.எல். விருதையும் உங்கள் விருதையும் ஒரே கோலால் அளக்க முடியாது என்பதுதான் என் கட்சி. அங்கே ஜீ.எம். கையாளுகிறவர்கள் வளர்ந்தவர்கள். லட்சக்கணக்கான டொலர் சம்பளம், சங்கம், ஒப்பந்தம், வழக்கறிஞர் எல்லாம் உள்ளவர்கள். இங்கே கையாளப்படுகிறவன் கிரேட் 11 படிக்கிறான். அவனுடைய ஓட்டுநர் உரிமத்தின் மை இன்னும் காயவில்லை.

உங்கள் லீக்கே இந்த வித்தியாசத்தைச் சட்டத்தின் முன் வைத்து வாதாடியிருக்கிறது. குறைந்தபட்ச ஊதியம் கேட்டு 2014இல் வீரர்கள் வழக்குப் போட்டபோது, இவர்கள் தொழிலாளர்கள் அல்லர், படித்துக்கொண்டே ஆடும் அமெச்சூர் வீரர்கள் என்று லீக்குகள் சொன்னன. 2018இல் ஒன்ராறியோ அரசும் அதை ஏற்று வேலைத்தரச் சட்டத்திலிருந்து உங்களுக்கு விலக்குக் கொடுத்தது. வழக்கு கடைசியில் 3 கோடி டொலர் இணக்கத்தில் போய் நின்றது. அந்த வழக்கின் சரி பிழைக்குள் நான் போகவில்லை. ஆனால் இவர்கள் மாணவர்கள் என்று நீதிமன்றத்திலும் சட்டசபையிலும் சொல்லிவிட்டீர்கள். அப்படியானால் ஆண்டின் சிறந்த மேனேஜர் யார் என்று கேட்கும்போதும் அவர்கள் மாணவர்களாகவே இருக்க வேண்டும். அந்த ஒரு நாளுக்கு மட்டும் அவர்கள் புள்ளி எண்ணிக்கையாக மாறிவிடக் கூடாது.

இப்போது ஜனவரி மாதத்தைப் பற்றிப் பேச வேண்டும். என் மனதில் உள்ளதெல்லாம் அதில்தான் இருக்கிறது.

வருடம் பிறந்து ஏறக்குறைய பத்து நாளில் ட்ரேட் கெடு, அதாவது அணிகள் வீரர்களை ஒன்றுக்கொன்று மாற்றிக்கொள்ளும் காலம், முடிகிறது. கோப்பையை நெருங்கிவிட்டோம் என்று நினைக்கும் அணிகள் 18, 19 வயதுக்காரரை வாங்குகின்றன. இந்த வருடம் கிடைக்காது என்று தெரிந்த அணிகள் அவர்களைக் கொடுத்து, இளையவர்களையும் டிராஃப்ட் தேர்வுகளையும் வாங்கி வைக்கின்றன. சில நேரம் ஒரு பெரிய வீரனுக்கு ஈடாக மூன்று, நான்கு வருடம் தள்ளிய இரண்டாம் சுற்றுத் தேர்வுகள் கை மாறுகின்றன. அந்தத் தேர்வுகளால் வரப்போகும் பையன்கள் இப்போது கிரேட் 6இலோ 7இலோ இருக்கிறார்கள்.

ட்ரேட் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பல பையன்களுக்கு அது நல்லதையே செய்திருக்கிறது. ஜோன் டவாரெஸை எடுத்துக்கொள்ளுங்கள். 2005இல், 15 வயது நிறையும் முன்பே, விசேட அனுமதியோடு ஒஷாவா ஜெனரல்ஸ் அவரைத் தேர்ந்தெடுத்தது. அப்படி உள்ளே வந்த முதல் ஆள் அவர். 2009 ஜனவரியில் ஒட்டாவாவில் கனடா உலக ஜூனியர் தங்கம் வென்றது, அவர் போட்டியின் சிறந்த வீரர். சில நாள்களுக்குள், ஒன்ராறியோவிலுள்ள லண்டன் நகரின் நைற்ஸ் அணிக்கு மாற்றப்பட்டார். அங்கே போய் லீக்கின் கோல் சாதனையை முறியடித்து, 215 கோல்களோடு முடித்து, அந்தக் கோடையில் என்.எச்.எல். டிராஃப்டில் முதலாவதாகப் போனார். ஊர் முழுக்க அறிந்த நட்சத்திரத்துக்கு இப்படி நடக்கலாம். அவன் போகும் இடமெல்லாம் கமெராக்கள் இருக்கும், உதவிக்கு ஆள்கள் இருப்பார்கள். மூன்றாம் வரிசையில் ஆடும், யாரும் பெயர் தெரியாத பதினேழு வயதுக்காரனுக்கு என்ன நடக்கிறது என்பதை நாங்கள் எங்கள் சமையலறையிலிருந்து பார்த்திருக்கிறோம்.

ஒன்ராறியோவின் பெரும்பாலான உயர்நிலைப் பள்ளிகளில் முதல் செமஸ்டர் பரீட்சை ஜனவரி கடைசியில் வருகிறது. கிரேட் 12 மாணவர்கள் பல்கலைக்கழக விண்ணப்பத்தைப் போட வேண்டியது ஜனவரி நடுவில். அதாவது, உங்கள் ட்ரேட் கெடு ஒரு மாணவனின் வருடத்தில் இருப்பதிலேயே மோசமான இரண்டு வாரத்தின் வாசலில் வந்து நிற்கிறது. இதை யாரும் வேண்டுமென்று செய்யவில்லை. ஆனால் இத்தனை வருடமாக அப்படியே இருக்கிறது.

எங்களோடு இருந்த ஒரு பையன் வடக்கே ஒரு சிறு ஊரிலிருந்து வந்தவன். கிரேட் 12. அமைதியானவன். வந்த புதிதில் என்னை மிஸஸ் என்று கூப்பிட்டவன், கொஞ்ச நாளில் எங்கள் பிள்ளைகளைப் பார்த்து அன்ரி என்று தொடங்கிவிட்டான். புட்டுக்கு மேலே மேப்பிள் சிரப் ஊற்றிச் சாப்பிடுவான், என் மாமியாருக்கு அதைப் பார்க்கவே முடியாது. தான் மாற்றப்பட்டதை அவன் பள்ளிக்கூடத்தில், மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், ஃபோனில் பார்த்துத் தெரிந்துகொண்டான். நண்பர்களின் செய்திகள் வந்து குவிந்தபிறகுதான் அணியிலிருந்து அழைப்பு வந்தது. அவனுடைய தாய்க்கு அவன்தான் சொன்னான். எங்களுக்கு யாரும் சொல்லவில்லை, அவன் பை கட்ட வந்தபோது தெரியும். அடுத்த நாள் காலை இன்னோர் ஊரில் பயிற்சி. போன இடத்துப் பள்ளியில் பாட அட்டவணை வேறு. கணிதப் பாடத்துக்கான கிரெடிட் அந்தரத்தில் தொங்கியது. கோடையில் திரும்ப எடுத்தான். நல்ல பிள்ளை, எடுத்து முடித்தான். ஆனால் அவன் விரும்பிய பல்கலைக்கழக விண்ணப்பம் அந்த வருடம் போகவில்லை.

இன்னொரு பையனுக்கும் அதே மாதத்தில், வேறொரு வருடத்தில், ட்ரேட் வந்தது. அப்போது அவனுடைய அணியின் ஜீ.எம். எங்கள் வீட்டுக்கு வந்தார். பனி கொட்டிக்கொண்டிருந்த இரவு. சமையலறை மேசையில் உட்கார்ந்து, அவன் முகத்தைப் பார்த்து, ஏன் இப்படி முடிவெடுத்தேன் என்று தானே சொன்னார். அவன் அழுதபோது எழுந்து போகவில்லை. அதற்கு முன்பே தாய் தகப்பனிடம் ஃபோனில் பேசியிருந்தார். எந்தெந்தப் பரீட்சை எந்தெந்த நாள் என்று கேட்டு ஒரு தாளில் எழுதிக்கொண்டார். புதிய அணியோடு பேசி, அந்த நாள்களில் அவன் இங்கே திரும்பி வந்து பரீட்சை எழுத ஏற்பாடு செய்தார். ஊடகங்களுக்குச் செய்தி அதற்குப் பிறகுதான் போனது. இரண்டு ஜீ.எம்.மாரும் செய்தது ஒரே மாதிரியான ட்ரேட்தான். லீக்கின் பட்டியலில் இரண்டும் ஒரே மாதிரி ஒற்றை வரியில் பதிவாகியிருக்கும்.

இரண்டாமவரின் பெயர் எந்த விருதிலும் வந்ததில்லை. அவருடைய அணி அந்த வருடம் நடுவில் எங்கேயோ முடித்தது. விருது அவருக்குத்தான் போயிருக்க வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. அந்த இரவு அவர் செய்ததை விருது மேசையில் உள்ள எவரும் அறிந்திருக்கவே வழியில்லை. எனக்குத் தாங்காதது அதுதான்.

விருது பெற்றவர்கள் தகுதியில்லாதவர்கள் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். தொடக்க வருடங்களில் ஒட்டாவா 67ஸ் அணியின் ஜேம்ஸ் பாய்ட் பெற்றார். அவர் கட்டிய அணி அப்போது லீக்கின் உச்சியில் நின்றது. அப்படி ஓர் அணியைக் கட்டுவது லேசான காரியம் இல்லை. டிராஃப்டில் எட்டாம் சுற்றில் ஒருவனைக் கண்டுபிடிப்பதும், ஐரோப்பாவிலிருந்து வருகிறவனை வரச் சம்மதிக்க வைப்பதும், ஓவன் சவுண்ட் போன்ற ஒரு சிறிய ஊரில் லண்டனோடு போட்டி போடுவதும் திறமைதான். வெற்றியும் பையன்களுக்கு நல்லதே. மெமோரியல் கோப்பையில் ஆடிய ஒருவனை அந்த அனுபவம் வாழ்நாள் முழுக்கத் தாங்கும். 2024இல் சாகினாவும் 2025இல் லண்டனும் கோப்பையைத் தூக்கியபோது அந்தப் பிள்ளைகளின் முகங்களைப் பார்த்தவர்கள் யாரும் வெற்றி முக்கியமில்லை என்று சொல்ல மாட்டார்கள். நான் கேட்பது, அதோடு சேர்த்து மற்றதையும் எண்ணுங்கள் என்று.

மற்றதை எப்படி எண்ணுவது என்று கேட்பீர்கள். பாதி வழியை நீங்களே ஏற்கெனவே போட்டு வைத்திருக்கிறீர்கள். படிப்பையும் ஆட்டத்தையும் சேர்த்துப் பார்க்கும் பொபி ஸ்மித் கோப்பை இருக்கிறது. உயர்நிலைப் பள்ளியில் முதலாக நிற்பவனுக்கு ஐவன் ரெனன்ற் விருது இருக்கிறது. ரெனன்ற் கிச்சனர் ரேஞ்சர்ஸ் அணியில் பையன்களின் படிப்பைப் பார்த்துக்கொண்டவர். சமூகத்துக்கு உழைப்பவனுக்கு டான் ஸ்னைடர் பெயரில் ஒரு கோப்பை. ஆக, ஒரு பதினேழு வயதுப் பிள்ளையை ஆட்டத்துக்கு வெளியே மதிப்பிட உங்களுக்குத் தெரிகிறது. அவனை விட முப்பது வயது மூத்தவரை அதே மாதிரி மதிப்பிட ஏன் முடியாது?

ஜீ.எம். விருதுக்கு ஒரு பெயரை முன்மொழியும்போது, வெற்றி தோல்விக் கணக்கோடு சில கேள்விகளுக்கும் அந்த அணி பதில் எழுதித் தரட்டும். பள்ளியில் இருக்கும் வீரர்களில் எத்தனை பேர் அந்த வருடத்துப் பாடங்களை முடித்தார்கள்? பருவத்தின் நடுவில் அனுப்பப்பட்டவர்களின் பாடங்களுக்கு என்ன ஆனது? ட்ரேட்டைப் பையனுக்கு யார், எப்படிச் சொன்னார்கள், செய்தி வெளியே போவதற்கு முன்னாலா பின்னாலா? இதில் எந்தக் கேள்விக்கும் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை. ஒவ்வோர் அணியிலும் படிப்பு ஆலோசகர் ஒருவர் இருக்கிறார், அவரிடம் எல்லாம் இருக்கிறது.

அப்புறம் ஸ்கொலர்ஷிப். லீக்கில் ஆடும் ஒவ்வொரு பருவத்துக்கும் ஒரு வருடப் படிப்புச் செலவு என்பது நீங்கள் பெற்றோருக்குக் கொடுக்கும் பெரிய வாக்குறுதி. கல்லூரிப் படிப்புக் கட்டணம், புத்தகம், கட்டாயக் கட்டணங்கள் எல்லாம் அதில் அடக்கம். காலக்கெடுவும் நிபந்தனைகளும் உண்டு. கையெழுத்துப் போடும் நாளில் அதைப் பற்றி எல்லா ஜீ.எம்.மாரும் பேசுகிறார்கள். 20 வயதில் ஆட்டம் முடிந்து, என்.எச்.எல். வாய்ப்பும் இல்லாமல், காயம்பட்ட தோளோடு வீடு திரும்பும் பையனை அழைத்து, உன் காசு காத்திருக்கிறது, செப்டெம்பருக்குள் தொடங்கு என்று சொல்பவர் எத்தனை பேர்? என்.எச்.எல்.லில் நிலைத்து ஆடப் போவது மிகச் சிலர் என்பது உங்களுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். மீதிப் பேருக்கு அந்த அழைப்புத்தான் ஜீ.எம். செய்யும் கடைசி வேலை, என்னைக் கேட்டால் மிகப் பெரிய வேலையும் அதுதான். தன் அணியிலிருந்து போனவர்களில் எத்தனை பேர் படித்துக்கொண்டிருக்கிறார்கள் என்ற எண்ணை விருதுக்கான பெயரின் பக்கத்தில் எழுதி வையுங்கள். வாக்களிப்பவர்கள் அதைப் பார்த்தபின் எப்படி வாக்களித்தாலும் சரி.

இப்போது இதைச் செய்ய இன்னொரு காரணமும் வந்திருக்கிறது. 2024 நவம்பரில் அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுச் சங்கம் தன் விதியை மாற்றியது. 2025 ஆகஸ்ட் முதல் உங்கள் லீக்கில் ஆடியவர்களும் அமெரிக்கக் கல்லூரி அணிகளில் ஆடலாம். முன்பு 15, 16 வயதிலேயே இந்தப் பாதையா அந்தப் பாதையா என்று தீர்மானித்தாக வேண்டும், ஒன்றை எடுத்தால் மற்றது மூடிவிடும். பல தமிழ்க் குடும்பங்கள் அந்த இடத்தில்தான் ஹொக்கியை நிறுத்தின அல்லது வேறு லீக்குக்குப் போயின. படிப்பைப் பணயம் வைக்க எங்கள் ஆள்களுக்கு மனம் வராது. இப்போது கதவு திறந்திருக்கிறது. ஆனால் கல்லூரியில் இடம் வேண்டுமானால் உயர்நிலைப் பள்ளிப் பாடங்கள் ஒழுங்காக முடிந்திருக்க வேண்டும், மதிப்பெண் இருக்க வேண்டும். ஜனவரியில் தொலைந்த ஒரு கணிதக் கிரெடிட் இனி நான்கு வருடக் கல்லூரி வாழ்க்கையைத் தடுக்கலாம். நல்ல பிள்ளைகளை ஈர்க்க விரும்பும் ஜீ.எம். இதைக் கவனித்தே ஆக வேண்டிய காலம் வந்துவிட்டது. கவனிப்பவரை நீங்கள் மேடையேற்றினால் மற்றவர்கள் பார்ப்பார்கள்.

வலி தரும் பக்கத்தையும் தொடாமல் விட முடியாது. 2014 மார்ச்சில், அணியிலிருந்து வீட்டுக்கு அனுப்பப்பட்ட ஒரு 20 வயது வீரர் சில நாள்களில் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். யாரையும் குற்றம் சொல்ல அதை எழுதவில்லை. அதே வருடம் நீங்கள் கனடிய மனநலச் சங்கத்தின் ஒன்ராறியோ கிளையோடு சேர்ந்து ‘ரோக் ருடே’ (Talk Today) என்ற மனநலத் திட்டத்தைத் தொடங்கினீர்கள். ஒவ்வோர் அணிக்கும் பேச ஒரு ஆள், பயிற்சி, உதவி எண். அது நல்ல வேலை. பின்னர் 2020இல் மூன்று பெரிய ஜூனியர் லீக்குகளும் சேர்ந்து ஒரு சுயாதீனக் குழு அமைத்தீர்கள். நியூ பிரன்ஸ்விக்கின் முன்னாள் முதல்வர் கமிய் தெரியோ தலைமை தாங்கினார், ஜூனியர் காலத்தில் தன் பயிற்சியாளரால் தனக்கு நடந்த துன்புறுத்தலை வெளியே சொன்ன முன்னாள் என்.எச்.எல். வீரர் ஷெல்டன் கெனடி அதில் இருந்தார். 2022 ஜனவரியில் வெளிவந்த அந்த அறிக்கை, தவறான நடத்தை இந்த விளையாட்டின் பழக்கத்தில் ஊறிப் போயிருக்கிறது, அதைப் பற்றி வாய் திறக்காத வழக்கமும் இருக்கிறது என்று சொன்னது. இப்படியான பழக்கங்களை மாற்றுவது ஒரு சுற்றறிக்கையால் முடியாது. உடைமாற்றும் அறையில் என்ன நடக்கலாம், என்ன நடக்கக் கூடாது என்பதை அந்த ஊரில் தீர்மானிக்கிறவர் ஜீ.எம். புதிதாக வந்த பதினாறு வயதுக்காரன் பயப்படாமல் தூங்குகிறானா என்பது அவர் பொறுப்பு. அதைச் சரியாகச் செய்பவரை நீங்கள் ஒருபோதும் பகிரங்கமாகப் பாராட்டவில்லை என்றால், அது அவருடைய வேலையே இல்லை என்றுதான் அடுத்தவர் நினைப்பார்.

2020-21 பருவத்தை நினைத்துப் பாருங்கள். கொவிட்டால் ஒரு ஆட்டம்கூட நடக்கவில்லை. எண்ணுவதற்கு வெற்றியும் இல்லை, தோல்வியும் இல்லை. அந்த வருடம் 17 வயதில் இருந்த பையன்கள் தங்கள் என்.எச்.எல். டிராஃப்ட் வருடத்தையே இழந்தார்கள். அப்போதும் சில ஜீ.எம்.மார் ஒவ்வொரு வாரமும் பையன்களை அழைத்துப் பேசினார்கள், பாடம் நடக்கிறதா என்று விசாரித்தார்கள், ஐரோப்பாவில் ஆட இடம் தேடிக் கொடுத்தார்கள். சிலர் லீக் திரும்பத் தொடங்கும்வரை மௌனமாக இருந்தார்கள். எங்கள் வீட்டில் முன்பு இருந்த பையன்கள் எனக்கு எழுதிய செய்திகளிலிருந்து அந்த வித்தியாசம் தெரிந்தது. யார் நல்ல ஜீ.எம். என்று பையன்களுக்குத் தெளிவாகத் தெரிந்த வருடம் ஒன்று இருந்தால் அதுதான்.

இதற்கு வரக்கூடிய மறுப்புகளில் நியாயமான ஒன்று உண்டு. ட்ரேட் பேச்சு கடைசி நிமிடம் வரை ரகசியமாக இருக்க வேண்டும், முன்கூட்டிப் பையனிடம் சொன்னால் கசிந்துவிடும், பேச்சு முறிந்தால் அவன் மனமும் உடையும். ஒத்துக்கொள்கிறேன். பேச்சு நடக்கும்போது சொல்லச் சொல்லிக் கேட்கவில்லை. முடிந்தபிறகு, லீக்கின் அறிவிப்பு போவதற்கு ஒரு மணி நேரம் முன்பு, பையன், தாய் தகப்பன், பில்லெட் வீடு, பள்ளி என்று நான்கு அழைப்புகள். அவ்வளவுதான். லீக் அலுவலகமே அந்த ஒரு மணி நேரத்தை விதியாக்கலாம், அறிவிப்பு உங்கள் வழியாகத்தானே போகிறது.

வெற்றி இல்லாவிட்டால் உரிமையாளர் ஜீ.எம்.மையே அனுப்பிவிடுவார் என்பதும் உண்மை. அதனால்தான் இந்த மடலில் உரிமையாளர்களையும் விளித்திருக்கிறேன். உங்கள் மேனேஜர் ஒரு பிள்ளையின் பரீட்சைக்காக ஒரு நாள் பயிற்சியை விட்டுக்கொடுத்தால், அதை அவருடைய பலவீனமாக எடுக்காதீர்கள்.

வாக்களிப்பதில் எங்களைப் போன்ற பில்லெட் குடும்பங்களுக்கும் படிப்பு ஆலோசகர்களுக்கும் ஒரு சிறு குரலாவது கொடுங்கள். முழு வாக்கு வேண்டாம். ஒவ்வோர் ஊரிலிருந்தும் ஒரு பக்கக் கடிதம் போதும். அந்தப் பையன்கள் இரவில் எப்படி வீடு திரும்புகிறார்கள் என்று பார்ப்பது நாங்கள்தான். ஆட்டம் முடிந்து வந்து சாப்பிடாமல் அறைக்குள் போய்க் கதவைப் பூட்டுகிறவனையும், ஜீ.எம். என்ன சொன்னார் தெரியுமா அன்ரி என்று சிரித்துக்கொண்டு வருகிறவனையும் எங்களுக்குத் தெரியும்.

தமிழ்ப் பெற்றோரே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் பையனை ஓர் அணி தேர்ந்தெடுத்தால், அந்த மேனேஜரிடம் பவர் பிளேயில் (எதிரணியில் ஆள் குறைந்திருக்கும் நேரத்தில்) ஆட விடுவீர்களா என்று கேட்பதற்கு முன் வேறு சிலதைக் கேளுங்கள். போன வருடம் ஜனவரியில் அனுப்பிய பையன்களின் பரீட்சை என்னவாயிற்று என்று கேளுங்கள். ஸ்கொலர்ஷிப் நிபந்தனைகளை எழுத்தில் வாங்கி, விளங்காவிட்டால் விளங்கும் ஒருவரிடம் காட்டுங்கள். முன்பு அந்த அணியில் இருந்த ஒரு பையனின் பெற்றோரோடு பேச வேண்டும் என்று சொல்லுங்கள். நல்ல ஜீ.எம். அதற்குக் கோபப்பட மாட்டார், தொலைபேசி எண்ணைத் தேடிக் கொடுப்பார்.

ஆணையாளர் அவர்களே, டேவிட் பிராஞ்ச் 45 வருடம் இருந்த நாற்காலியில் நீங்கள் 2024இல் அமர்ந்தீர்கள். புதியவர் வரும்போது பழைய படிவங்களைத் திருத்துவது எளிது. அடுத்த ஜிம் கிரெகரி விருதுக்கான முன்மொழிவுப் படிவம் அணிகளுக்குப் போவதற்குள் அந்தக் கேள்விகளை அதில் சேர்த்துவிடுங்கள். எதை வைத்துத் தேர்ந்தெடுக்கிறீர்கள் என்பதைப் பெற்றோர் படிக்கும்படி பகிரங்கமாக வெளியிடுங்கள். ஆலோசனை கேட்க எங்கள் வீட்டுக்கு யாரையாவது அனுப்பினால் சந்தோஷமாகப் பேசுவேன். இந்தப் பருவமும் ஒரு பையன் எங்களோடு இருக்கிறான், கிரேட் 11 படிக்கிறான்.

அன்போடும் எதிர்பார்ப்போடும்,
ஒரு பில்லெட் வீட்டுத் தாய்
ஒன்ராறியோ